கதவு தெரியும்படி உட்கார்ந்த ரெஹேமா

1

எங்கள் தியான மையத்தின் வாசல் காவலாளி ஒரு வருடமாக என்னைத் 'தாதா' என்று கூப்பிடுகிறார். கோவில்பட்டியில் இருக்கும் தங்கச்சியிடம் போனில் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நம் ஊரில் தாதா என்றால் நாலு ரௌடிகளை வைத்துக்கொண்டு தெருவை மிரட்டுகிறவன். இங்கே மராத்தியில் அண்ணன். எனக்கோ ஐம்பது வயது நெருங்குகிறது, புடவை கட்டிய பெண்பிள்ளை. காவலாளிக்கு இந்தப் பெயரைப் பிடித்துக் கொடுத்தவள் ரெஹேமா. அவள் தான்சானியாக்காரி. அவள் பேசும் சுவாஹிலியில் 'தாதா' என்றால் அக்கா. அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு, இவரும் கிண்டலாக ஆரம்பித்தார். கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

இன்று காலை அவர் கதவைத் திறந்துகொண்டே "ராம் ராம் தாதா" என்றபோதுதான், ரெஹேமா இந்த வாசலில் பெட்டியோடு வந்து இறங்கி ஒரு வருடம் ஆகிறது என்று நினைவு வந்தது. அவளைப் பற்றி ஊருக்கு எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். இன்று உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. இரண்டு மூன்று வருடத்தில் மதுரைப் பக்கம் மாற்றல் வாங்கிவிடலாம் என்றுதான் புனேக்கு வந்தோம். வானவடியில் குடியேறி இருபத்து நான்கு வருடம் ஓடிவிட்டது. நடுவில் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. மாத்திரையோடு கொஞ்சம் அமைதியும் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய பங்களாவில் தியான மையம் இருந்தது. உட்காரப் போனவள் அப்படியே ஒட்டிக்கொண்டேன். இப்போது காலை வகுப்பை நான்தான் நடத்துகிறேன். வெளியிலிருந்து பயிற்சிக்கு வருகிறவர்களின் சாப்பாடு, அறை, அலுவலக அலைச்சல் எல்லாமும் என் தலையில்தான்.

மையத்தின் தலைமை வசுதா தாயி. மராத்தியில் தாயி என்றால் அக்கா. வந்த புதிதில் எல்லாரும் எல்லாரையும் தாய் என்று கூப்பிடுகிறார்களே, எவ்வளவு பாசமான ஊர் என்று நான் உருகியிருக்கிறேன்.

2

போன வருடம் வசுதா தாயி ஒரு புதுப் பயிற்சி ஏற்பாடு செய்தார். ஆப்பிரிக்காவில் பெண்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுக்க அங்குள்ள பெண்களையே தயார் செய்வது. கென்யா, உகாண்டா, தான்சானியாவிலிருந்து ஐந்து பேர் இரண்டு மாதத்துக்கு வந்தார்கள். ரெஹேமா அவர்களில் ஒருத்தி. விக்டோரியா ஏரிக்கரையில் ம்வான்சா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். உயரமான உடம்பு, தாழ்ந்த குரல், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"யாரு, ஆப்பிரிக்காக்காரிகளா? அவங்க பாஷையில என்ன பேசுவ?" என்று தங்கச்சி கேட்டாள். என்னை இங்கே இன்னமும் 'மதராசி' என்கிறார்கள். மதராசி பாஷை எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். தங்கச்சியின் கேள்வியில் அந்தக் குரல் அப்படியே கேட்டது.

எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஆங்கிலம். அவள் ஆங்கிலம் சீராக நடக்கும், என்னுடையது நொண்டும். அவள் சொன்னதை எல்லாம் என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

வந்த வாரத்தில் அவளை வெளிநாட்டவர் பதிவுக்கு அழைத்துப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கணினியைப் பார்த்தபடி "சர்நேம்?" என்றார். தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்றையும் அவள் சொன்னாள். "அது சரி, சர்நேம்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேஸ் இணைப்பிலிருந்து மகளின் பள்ளிக்கூடம் வரை இந்தக் கேள்வியில் நான் முட்டிக்கொள்ளாத இடம் கிடையாது. என் இனிஷியலை விரித்து, என் அப்பாவைச் சர்நேம் ஆக்கி, என் வீட்டுக்காரரை என் அப்பாவின் மகன் ஆக்கிய அட்டை ஒன்று இன்னமும் வீட்டில் இருக்கிறது.

சர்நேம் ஒருவழியாக முடிந்ததும் அவர் "ஹஸ்பெண்ட் நேம்?" என்றார்.

ரெஹேமா பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, அவரையே பார்த்தபடி மூச்சை மெதுவாக விட்டாள். பிறகு, "அந்தப் பெயர் வேண்டாம். அவரோடு இப்போது இல்லை" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் நிமிர்ந்து அவளை ஒரு முறை பார்த்தார், அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

3

முதல் வகுப்பில் என் ஆங்கிலம் மானத்தை வாங்கியது. மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்வதாக நினைத்து, "வாட்ச் யுவர் பிரெட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உகாண்டாவிலிருந்து வந்த பள்ளிக்கூட டீச்சர் கடைசியில் கையைத் தூக்கி, "எங்களுக்கு பிரெட் எப்போது கொடுப்பீர்கள்?" என்று கேட்டார். ஐவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று முதல் தோழமை ஆகிவிட்டது.

ஆனால் ரெஹேமா கண்ணை மூடவில்லை. மூடச் சொன்னால் இமையைத் தாழ்த்துவாள். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் திறந்திருக்கும். நேராக உட்கார்கிறார்களா என்று பார்க்க நான் வரிசைக்குப் பின்னால் நடந்து போவது வழக்கம். நான் அவள் பின்னால் போகும்போதெல்லாம் அவள் தோள் காதுவரை ஏறியது.

வசுதா தாயியும் கவனித்தார். கடிந்துகொள்ளவில்லை. "பழக்கமில்லை, வந்துவிடும்" என்றார். ஆனால் பயிற்சியின் முடிவில் ஒரு முழு நாள் மௌனமாக, கண்ணை மூடி, கதவு சாத்திய கூடத்தில் உட்கார வேண்டும். அதில் தேறினால்தான் கற்றுக்கொடுக்க அனுமதி. அந்த அனுமதி ரெஹேமாவுக்கு மிகவும் தேவைப்பட்டது. பிரசவத்துக்கு வரும் பெண்களின் உடம்பில் பழைய அடி, புதிய அடி எல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தவள். மருந்து போட்டு அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதோடு தன் வேலை முடிவது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சிறு பெண்கள் குழுவைச் சேர்த்தாள். அவர்கள் கூடி உட்கார சுகாதார நிலையத்தில் ஓர் அறை கேட்டாள். முறையாகக் கற்றுக்கொண்டு வா, தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

4

என் மகள் நிவேதா கராடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். அங்கேயே தோழிகளோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஒரே ஊர்தான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. 'லைட்டை பந்த் பண்ணு', 'எனக்கு பூக் லாகுது' என்பது அவள் தமிழ். பந்த் என்றால் அணைப்பது, பூக் என்றால் பசி. கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், என் தங்கச்சியிடம் போனில் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னால் ஓடுவாள். அவளை ஒரு முறையாவது என் வகுப்பில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. "நீ உகாச் டென்ஷன் எடுக்கற அம்மா, எனக்கு இதெல்லாம் ஆகாது" என்பாள். உகாச் என்றால் வீணாக.

அந்த நிவிக்கு ரெஹேமாவைப் பிடித்துப்போனது. ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் மக்காச்சோள மாவு வாங்கி வந்தாள். சுவாஹிலி கற்றுக்கொண்டாள். ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்த்தால் அந்த ஊரில் 'போலே' என்பார்களாம். மன்னிப்பு இல்லை, உன் வலி எனக்குத் தெரிகிறது என்று அர்த்தமாம். எனக்கு முழங்கால் வலித்தால் என் மகள் இப்போது "போலே அம்மா" என்கிறாள். தமிழில் இப்படி ஒரு வார்த்தை அவளிடமிருந்து வந்ததில்லை. எந்த மொழியில் வந்தால் என்ன என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

5

பயிற்சி முடியப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, வசுதா தாயி ஒரு மதிய வகுப்பில் கதவைச் சாத்தச் சொன்னார். முழு நாள் மௌனத்துக்கு ஒத்திகை. நான் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் ரெஹேமா எழுந்தாள், கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

வகுப்பு முடிந்து நான் தேடிப் போனபோது சமையலறையில் இருந்தாள். மக்காச்சோள மாவில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊரில் அதற்கு உகாலி என்று பெயர். அடுப்பு மேடைக்குப் பின்னால், எப்போதும் அவள் நிற்கும் அதே மூலையில், வாசலைப் பார்த்தபடி நின்றாள். அந்த மூலையில் புழுக்கம் அதிகம், யாரும் நிற்க மாட்டார்கள். அன்றுதான் அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்று எனக்கு உறைத்தது.

"டிக்கெட்டை மாத்தித் தர நிவியைக் கேக்கணும் தாதா. நான் ஊருக்குப் போறேன்" என்றாள்.

"எதுக்கு? இன்னும் கொஞ்ச நாள்தானே?"

"அந்த ஒரு நாள் என்னால முடியாது. ஒன்றரை மாசமா முயற்சி பண்றேன். கண்ணை மூடினா, முதுகுக்குப் பின்னால ஆள் வந்துடுது."

கரண்டியை விடாமலே சொன்னாள். அவள் கணவன் கத்துகிறவன் இல்லையாம். சத்தமே இருக்காதாம். இவள் அடுப்புக்கு முன்னால் குனிந்திருக்கும்போது பின்னாலிருந்துதான் முதல் அடி விழும். அதனால் வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் கதவு தெரிகிற மாதிரி உட்காரப் பழகிக்கொண்டாள். தூக்கத்தில்கூட ஒரு காது வாசலில் இருக்கும். ஒரு நாள் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வலியின் நடுவில் இவள் கழுத்தில் இருந்த காயத்தைப் பார்த்து, "உனக்குமா?" என்று கேட்டுவிட்டாள். அன்று வேலை முடிந்து இவள் வீட்டுக்குப் போகவில்லை. தன் அம்மா வீட்டுக்குப் போனாள், அதோடு சரி.

"அவர் இப்ப பக்கத்துல இல்லைன்னு தலைக்குத் தெரியும். முதுகுக்குத் தெரியலை" என்றாள்.

"போலே" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. இருவரும் அதைக் காப்பாற்றப் பாய்ந்தோம்.

"இதை வசுதா தாயிகிட்ட சொல்லுவமா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்."

6

மாலைத் தேநீருக்கு எல்லாரும் கூடியிருந்தபோது சொன்னாள். வசுதா தாயி முழுவதும் கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும், "நான் உருவாக்கின முறை இல்லை இது, ரெஹேமா. எனக்குக் கொடுத்தவங்க எப்படிக் கொடுத்தாங்களோ அப்படியே கொடுக்கறேன். கண் திறந்திருந்தா மனசு வெளியே போயிடும்" என்றார்.

"என் மனசு வெளியே போகணும் தாயி. போய் வாசல்ல யாரும் இல்லைன்னு பார்க்கணும். பார்த்து முடிச்சாத்தான் உள்ளே வரும்."

"இது உன் ஒருத்திக்கு வேணும்னா இருக்கலாம். எல்லாருக்கும் மாத்த முடியுமா?"

அப்போது உகாண்டா டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் இத்தனை நாளா கண்ணை மூடற மாதிரி நடிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கென்யாப் பெண் ஒருத்தி தலை குனிந்துகொண்டாள்.

ரெஹேமா எழுந்து நின்றாள். "எங்க ஊர்ப் பெண்களைக் கதவைச் சாத்தின அறையில கண்ணை மூடச் சொன்னா மறுநாள் வர மாட்டாங்க. அப்புறம், அமைதியா இருக்கக் கத்துக்கொடுங்கன்னு கேட்டு நான் வரலை. அடி வாங்கிட்டு அமைதியா இருக்க எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நடுங்காம எழுந்து நிக்கறதுக்கு இந்த மூச்சு உதவுது. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அதை எங்க பெண்கள்கிட்ட கொண்டுபோகணும். நாளைக்குக் காலையில ஒரு வகுப்பு நான் நடத்தட்டுமா? பார்த்துட்டுச் சொல்லுங்க."

வசுதா தாயி "நடத்து" என்றார்.

மறுநாள் ஞாயிறு. ரெஹேமா முதல் வேலையாகப் பாய்களை எல்லாம் நடுவிலிருந்து எடுத்துச் சுவரோரமாகப் போட்டாள். கதவை விரியத் திறந்துவைத்தாள். ஸ்கூட்டர் சத்தம், கீரைக்காரரின் கூவல், எதிர்வீட்டு நாய், வானவடியின் காலை எல்லாம் உள்ளே வந்தது. நான் எழுந்து பின்னால் நடக்கப் போனேன். "நீங்களும் உட்காருங்க தாதா, யாரும் நடக்கக் கூடாது" என்றாள்.

"முதுகைச் சுவர்ல சாயுங்க. பின்னால யாரும் இல்லை, சுவர்தான் இருக்கு. இப்ப பாருங்க, கதவு எங்கே இருக்கு? ஜன்னல் எங்கே? வேணுங்கிற அளவுக்குப் பாருங்க. அவசரம் இல்லை. எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகுதான் பாதத்தைத் தரையில் அழுத்தச் சொன்னாள். கையை வயிற்றில் வைக்கச் சொன்னாள். மூச்சுக்கு வந்தது கடைசியில். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குக் கிண்டல் கலந்த சந்தேகம் இருந்தது. கீரைக்காரர் இவ்வளவு பக்கத்தில் கூவும்போது தியானமாவது என்று. ஆனால் அந்தக் கூடம் அமைதியாகிக்கொண்டே வந்தது. தலை குனிந்திருந்த கென்யாப் பெண்ணின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. வசுதா தாயி எங்களைப் போலவே சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வாசலில் நிவி நின்றாள். எனக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தாள். ரெஹேமா கையால் காட்ட, செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆகாது என்று சொன்ன என் மகள், வகுப்பு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

7

இரண்டு நாள் கழித்து நிவி வீட்டுக்கு வந்தாள். வேலை நாளில் அவள் வருவதே இல்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டா? கோபம் பண்ணாத."

"சொல்லுட்டி."

"ஆபீஸ் கேப் சிக்னல்ல நின்னா எனக்கு மூச்சு வராது. கதவைத் திறந்து குதிச்சிடலாம்னு இருக்கும். கையெல்லாம் டண்டா ஆயிடும், ஐஸ் மாதிரி. ரொம்ப மாசமா இப்படி ஆகுது. ரெஹேமாகிட்ட சொன்னேன். டாக்டரைப் பாரு, முதல்ல அம்மாகிட்ட சொல்லுன்னா."

"இத்தனை நாள் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கண்ணை மூடி உக்காருன்னு சொல்லுவ. கண்ணை மூடினாத்தான் எனக்கு ஜாஸ்தி ஆகுது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் இருவரும் டாக்டரிடம் போனோம். இப்போது பரவாயில்லை. கேப்பில் கதவோரம் உட்கார்கிறாள். மூச்சு முட்டும்போது பாதத்தை அழுத்திக்கொண்டு வெளியே தெரிகிற கடைகளின் பெயர்களை மனதுக்குள் சொல்கிறாளாம். எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்து உட்கார அனுமதிக்கலாமா என்று வசுதா தாயி தனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர்களுக்கு எழுதிக் கேட்டார். பயிற்சி முடியும்வரை பதில் வரவில்லை. முழு நாள் மௌனம் கதவு திறந்த கூடத்தில் நடந்தது. கண்ணை மூட விரும்பியவர்கள் மூடினார்கள். ரெஹேமா மூடவில்லை, ஆனால் நாள் முழுவதும் இருந்தாள். வசுதா தாயி தன் பொறுப்பில் அனுமதி கொடுத்தார். "எனக்கு இன்னும் முழுசா ஒத்துக்க முடியலை, செல்வி. ஆனா அந்த ஊர்ல போய் உட்காரப் போறது நான் இல்லையே" என்று என்னிடம் சொன்னார். இப்போது எங்கள் காலை வகுப்பிலும் சுவரோரம் நாலு பாய்கள் போடுகிறோம். ஏன் என்று யாரிடமும் கேட்பதில்லை. அந்தப் பாய்கள் காலியாக இருந்ததே இல்லை.

8

போன மாதம் ரெஹேமா வீடியோவில் வந்தாள். அறை கிடைத்துவிட்டது, வாரத்தில் இரண்டு மதியம். எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. சில பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். இது மந்திரவாதம் என்று ஊரில் சிலர் பேசினார்கள். மீன் விற்கும் பெண் ஒருத்தி, புருஷன் செத்த பிறகு அவன் அண்ணன் தம்பிகள் எடுத்துக்கொண்ட வீட்டைத் திரும்பக் கேட்டு ஊர் அலுவலகத்துக்குப் போனாளாம். முன்பு இரண்டு முறை போய் வாசலிலிருந்தே திரும்பி வந்தவள், இந்த முறை உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை முழுவதும் சொல்லிவிட்டு வந்தாள். வீடு இன்னும் கிடைக்கவில்லை. வழக்கு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு கொஞ்சம் தயங்கி, "அவர் வந்தார் தாதா" என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை.

மதியம் எல்லாரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது கதவில் வந்து நின்றானாம். எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ரெஹேமா வகுப்பை நிறுத்தவில்லை. பாதத்தை அழுத்துங்கள், மூச்சைக் கீழே விடுங்கள் என்று எப்போதும் சொல்வதைச் சொல்லி முடித்தாள். அதுவரை அவன் நின்றான். முடிந்ததும் இவள் எழுந்து வாசலுக்குப் போய், என்ன வேண்டும் என்று கேட்டாள். அவன் உள்ளே இருந்த பெண்களைப் பார்த்தான். தண்ணீர் வேண்டும் என்றான். கொடுத்தாள். குடித்துவிட்டுப் போய்விட்டான்.

"பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன்.

"பயம் இருந்தது" என்றாள். "காலும் தரையில இருந்தது."